புள்ளிக்கு ஒரு மாத்திரை

பிரிவு உபசாரத்துக்கு வந்திருந்தவர்கள் சூப்பிரண்டு, கணக்கர் செய்யது பாய், ஓவர்சியர்கள் இரண்டு பேர், பியூன் இசக்கிமுத்து அண்ணன், நான். வராதவர்கள் இரண்டு பேர். என்ஜினியர் அணைக்குப் போயிருந்தார். இன்னொருவர், யாருக்காக நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோமோ, அந்த டைப்பிஸ்ட் அக்கா.

நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தது. ஐந்தும் ஆகிவிட்டது. ஜாங்கிரித் தட்டில் ஈ உட்கார்ந்து எழுந்தது. சூப்பிரண்டுக்குத் தென்காசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார்:

"இனி அவுக வரமாட்டாக. மாலைய அந்த நாற்காலியில சாத்திட்டு, ஆளுக்கு நாலு வார்த்தை பேசி முடிச்சிருவோம்."

இசக்கிமுத்து அண்ணன் மாலைத் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"காலி நாற்காலிக்கு மாலை போடுவாகளா சார்? அவுக உசுரோட இருக்காகல்லா!"

சூப்பிரண்டு எழுந்தார். எல்லாரும் ஜாங்கிரியைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பளபளக்கும் தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம் மேசைமேல் அப்படியே இருந்தது. நான் எழுதி மனப்பாடம் செய்திருந்த பேச்சு என் சட்டைப் பையில் இருந்தது. 'அப்பழுக்கற்ற பணி', 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரிகூட அக்காவைப் பற்றியது அல்ல.

எங்கள் அலுவலகம் ஆற்றைப் பார்த்த கட்டடம். தாமிரபரணியில் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது அடைப்பது என்பதைத் தாள் தாளாக எழுதிக்கொண்டிருப்பதுதான் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே இளநிலை உதவியாளனாகச் சேர்ந்தேன். ஏரல் பக்கத்தில் வாழைத்தார் சுமந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். டவுணில் ஒரு சந்தில் தனியாகக் குடியிருந்தார். அப்பா வழியில் ஒரு காலத்தில் வயல் வரப்பு இருந்த சைவக் குடும்பம். இப்போது அவரிடம் இருந்தது சம்பளமும் ஒரு தகரப் பெட்டியும்தான் என்று செய்யது பாய் சொல்வார்.

அக்கா யாரிடமும் எதையும் இரவல் வாங்கமாட்டார். அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லவேண்டுமென்றால் இதுதான். குண்டூசியைத் திருநீற்று டப்பாவில் போட்டு வீட்டிலிருந்து கொண்டுவருவார். மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். பஸ்ஸில் கண்டக்டருக்குச் சில்லறை சரியாகக் கொடுப்பார். மதியம் நாங்கள் கூட்டு, பொரியலை மாற்றி, ஊறுகாயைப் பிடுங்கி, ஒரே சத்தமாகச் சாப்பிடும்போது அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து ஒற்றை டப்பாவைத் திறப்பார். ஒரு நாள் காலையில் அவருடைய குடைக் கம்பி ஒடிந்துவிட்டது. மாலையில் மழை. நாங்கள் ஆறு பேர் இரண்டு குடைக்குள் ஒண்டி நடந்தோம். அக்கா வாசல் சாய்ப்பில் நின்றுகொண்டார்.

"வாங்கக்கா, இடம் இருக்கு" என்றேன்.

"நீ போ தம்பி. மழ நிக்கும்லா."

மழை நிற்க ஒரு மணி நேரம் ஆனது என்று மறுநாள் காவலாளி சொன்னார்.

"டைப்பிஸ்டம்மா மூச்சுக் காத்தக்கூட வீட்டுலேர்ந்து தூக்குச்சட்டில ஊத்தித்தான் கொண்டு வாராக" என்பார் செய்யது பாய்.

மற்றவர்கள் கேட்டால் கொடுப்பார். ஆனால் இரவலாகக் கொடுக்கமாட்டார். பேனா கேட்டால் "வச்சிக்கோ" என்பார். திருப்பி நீட்டினால் வாங்கமாட்டார். அப்படி எத்தனை பேனாவைத்தான் ஒருவரிடம் வாங்க முடியும்? கொஞ்ச நாளில் யாரும் எதையும் கேட்பதில்லை. யாரும் அவர் மேசைப் பக்கம் போகவேண்டிய தேவையே இல்லாமல் ஆயிற்று.

எனக்கு இது புரியவே இல்லை. நான் வந்த வீட்டில் இரவல் என்பது பேச்சு மாதிரி. அம்மா ஒரு கரண்டி காப்பித்தூள் வாங்க அடுத்த வீட்டுக்குப் போனால் ஒரு மணி நேரம் கழித்து, காப்பித்தூளோடு ஊர்ச் சேதி பூராவும் கொண்டுவருவாள். இந்த வேலைக்கு நேர்காணலுக்கு நான் போட்டுப் போன சட்டை சித்தப்பா மகனுடையது, செருப்பு வாத்தியாருடையது. அதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை.

அக்கா அடிக்கும் கடிதத்தை மூலத்தோடு ஒப்புநோக்குவது என் வேலை. முதல் ஆறு மாதம் அதில் ஒரு பிழை கண்டதில்லை. பிறகு ஒரு கோடையில் புள்ளிகள் காணாமல் போகத் தொடங்கின.

தமிழ்த் தட்டச்சு எந்திரத்தில் மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனி விசை. வலது சுண்டுவிரல் அடிக்கவேண்டியது. அந்த விசையைத் தட்டினால் புள்ளி விழும், உருளை நகராது. பின்னால் வரும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். அக்காவின் சுண்டுவிரல் தட்டியும் புள்ளி விழவில்லை. 'தண்ணீர்' என்பது 'தணணீர' என்று வந்தது. 'வாய்க்கால்' 'வாயககால' ஆனது. சூப்பிரண்டு பார்ப்பதற்குள் நான் கறுப்புப் பேனாவால் விட்டுப்போன இடத்திலெல்லாம் புள்ளி வைத்து அனுப்பிவிடுவேன். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் அக்கா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதுல எம்புட்டுப் புள்ளி உன்னுது?"

"கொஞ்சம்தான்க்கா."

தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாளைச் செருகி, வலது சுண்டுவிரலின் மேல் இடதுகை விரலை வைத்து அழுத்தி அழுத்தி, பக்கம் முழுவதையும் மறுபடி அடித்தார். அப்போதுதான் அவர் விரல் முட்டிகளைப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு மாதிரி வீங்கிச் சிவந்திருந்தன.

அந்த வாரமே அம்மாவின் கால் வலிக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். மூட்டு நோய்க்கென்று மாலையில் மட்டும் பார்ப்பவர். பெஞ்சின் ஓரத்தில் அக்கா இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். அம்மா அவருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, உட்கார்ந்த கையோடு கேட்டாள்:

"ஏ பிள்ள, ஒரு வெத்தல வச்சிருக்கியா?"

"இல்லம்மா" என்றார் அக்கா. அவர் முகத்தில் ஒரு வியப்பு. முன்பின் தெரியாத ஒருத்தரிடம் இப்படிக் கேட்க முடியுமா என்பது போல.

டாக்டர் அறைக்குத் துணித் திரைதான் கதவு. அவருக்குக் குரலும் பெரிது. உள்ளே பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"இது மலேரியாவுக்குக் குடுக்கிற மாத்திரைதான். மூட்டுக்கும் கேக்கும்."

"எனக்கு மலேரியா கிடையாதே டாக்டர்."

"கிடையாதும்மா. ஒங்க உடம்பு ஒங்களையே வேத்தாளுன்னு நெனச்சு அடிக்கி. அந்த அடிய இது அமத்தும். இன்னைக்குப் போட்டு நாளைக்கு வலி போயிரும்னு நெனைக்கக்கூடாது. மூணு மாசம் ஆகும். வலி நின்னாலும் மாத்திரைய நிறுத்தக்கூடாது. கண்ண மட்டும் வருசா வருசம் சோதிச்சிக்கிடணும்."

"எனக்குள்ள நோய்க்குன்னு தனியா மருந்து இல்லையா?"

"இருக்கிறதுல ஒங்களுக்கு இதுதான் சரி."

"அப்பம் இது இரவல் மருந்து."

டாக்டர் சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். தணித்த குரலும் கேட்டது.

"டைப் அடிக்கிற விரலும்மா. மருந்த விட்டா வளைஞ்சிரும். வளைஞ்ச பொறவு நிமித்த எங்கிட்ட மருந்து கிடையாது. கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"மாத்திரை போட்டாச்சான்னு கேக்க வீட்டுல ஆளு இருக்குல்லா?"

இதற்கு அக்கா சொன்ன பதில் மட்டும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் கைப்பையில் எப்போதும் ஓர் அட்டை மாத்திரை இருக்கும். காலையில் வந்ததும் எந்திரத்தின் உறையை எடுப்பதற்கு முன் சுவரிலிருந்த நாள்காட்டிக்கு எதிரே போய் நிற்பார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தேதித் தாளின் அடியிலுள்ள பொடி எழுத்தைப் படிப்பார். பிறகு மற்றக் கண். ராகுகாலம் பார்க்கிறார் என்று ஓவர்சியர்கள் நினைத்தார்கள். மருந்து கண்ணைத் தொட்டுவிட்டதா என்று அவர் தினமும் தானே பார்த்துக்கொள்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் ஒப்புநோக்கிக்கொண்டிருந்தபோது 'அம்பாசமுத்திரம்' என்ற சொல் எல்லாப் புள்ளியோடும் வந்திருந்தது. நான் தலையைத் தூக்கினேன். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைன்னுதான படிச்ச? எனக்கு முழு மாத்திரை வேண்டியிருக்கு" என்றார்.

அவர் வேடிக்கையாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

அவருடைய மூட்டு நோயும் அவர் போடுவது மலேரியா மாத்திரை என்பதும் அலுவலகத்தில் தெரிந்தபோது ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். இசக்கிமுத்து அண்ணன் வயல் வேலியிலிருந்து முடக்கத்தான் இலையைப் பறித்து வந்து மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போனார். மறுநாள் அவர் மகளுக்கு ஒரு ஜியாமெட்ரி பெட்டி போய்ச் சேர்ந்தது. செய்யது பாய் காயல்பட்டினத்துக்காரர். அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த டப்பா ஒன்றை ஒரு நாள் எடுத்து வந்தார். உள்ளே பொன் நிறத்தில் வழுவழுவென்று மாத்திரைகள்.

"எங்க வாப்பாவுக்கு முட்டுவலிக்கு இதுதான் போகுது. ஒங்க மருந்தோட சேத்து இதையும் போடலாம். வச்சிக்கிடுங்க."

"இது என்ன பாய்?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மீனெண்ணெய்."

"நான் சைவம்லா, பாய்."

"மீன் எங்கம்மா இருக்கு இதுல? முள்ளு இருக்கான்னு பாருங்க."

"முள்ளு இல்லாட்டா சைவமா?"

"கொசு கடிச்சவனுக்குள்ள மருந்து மட்டும் போவுதோ?"

"அந்தக் கொசு சைவம்னு வச்சிக்கிட்டேன்" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன வெல பாய்?" என்று கேட்டுவிட்டார். பாயின் முகம் சுருங்கிப் போயிற்று. டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் இரண்டு முறை டீ சொன்னார். இரண்டு முறையும் அக்காவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அக்கா வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் கேட்பது பாயின் வழக்கம்.

"ஏன்க்கா, யார் குடுத்தாலும் வாங்கமாட்டேங்கிறீங்க?" என்று நான் கேட்டது அதற்கு மறுநாள். எந்திரத்துக்கு நாடா மாற்றிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மை. பதில் வராது என்று நினைத்தேன்.

"பொண்ணு பாக்க வந்தாக, அப்பம் எனக்கு இருபத்திரண்டு வயசு" என்றார் நாடாவைப் பார்த்துக்கொண்டே. "கழுத்துல போட ஒண்ணும் கிடையாது. எதுத்த வீட்டு அத்தை அட்டிகை இரவல் குடுத்தா. அவுகள்லாம் காப்பி குடிச்சிட்டு இருக்கும்போது அத்தை வந்து நடையில நின்னா. அவளுக்கு எங்கயோ கல்யாணத்துக்குப் போகணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு. பையத்தான் கேட்டா. எல்லாருக்கும் கேட்டுட்டு. கழட்டிக் குடுத்தேன்."

நான் பழைய நாடாவை எடுத்துச் சுருட்டினேன்.

"அவ மேல தப்பு ஒண்ணுமில்ல. அவ பொருளு. பொருளுக்கு உள்ளவங்க வந்து கேட்டா குடுத்திரணும்லா" என்று நாடாவை மாட்டி, மூடியைப் படக்கென்று சாத்தினார்.

அடுத்த ஐப்பசிக் கடைசியில் அடைமழை. ஆறு இரண்டு கரையும் தெரியாமல் போயிற்று. பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நாங்கள் அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டோம். ஒவ்வொரு மணிக்கும் நீர்மட்டச் செய்தி அடிக்கவேண்டும். அக்கா அடித்துக்கொண்டே இருந்தார். புள்ளிகள் பெய்தன.

இசக்கிமுத்து அண்ணனுக்குக் காய்ச்சல். அவர் பம்பாயில் ஓட்டலில் வேலை பார்க்கும் தம்பியைப் பார்க்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. முந்தின வாரமே ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். வெள்ள வேலையாக எங்கள் கட்டடத்துக்கு வந்திருந்த சுகாதார ஆய்வாளர்தான் மலேரியா என்று முடிவு வந்திருப்பதைச் சொன்னார். அவர் பையில் மாத்திரை தீர்ந்துவிட்டிருந்தது. ஒரு சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் முழங்கால் தண்ணீரில் போய் வந்தேன். திறந்த கடை ஒன்றும் இல்லை. பழைய கோப்புக் கட்டுகளுக்கு நடுவே சாக்கைப் போர்த்திக்கொண்டு இசக்கிமுத்து அண்ணன் பல் கிட்டிக்கக் கிடந்தார்.

நனைந்த சீட்டை அக்கா என் கையிலிருந்து வாங்கினார். விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைப் பொத்தாமலே படித்தார். கைப்பையைத் திறந்து, பிரிக்காத அட்டை ஒன்றை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினார்.

"இதுதானா பாருங்க."

"இதேதான்! எங்க கிடைச்சுது?"

"எங்கிட்ட இருந்துது."

தண்ணீரில் அலைந்தபோது அந்தக் கைப்பை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. எப்போது எத்தனை என்று ஆய்வாளர் சொன்னார். இசக்கிமுத்து அண்ணனுக்கு அந்த அட்டை முழுவதும் சரியாகத் தேவைப்பட்டது.

"ஒங்களுக்குக்கா?" என்றார் அவர், சாக்குக்குள்ளிருந்து.

"இது உன்னுதுல்லா இசக்கி. நான் இரவல் வாங்கி வச்சிருந்தேன். முழுங்கு."

சொல்லிவிட்டு எந்திரத்துக்குத் திரும்பிப் போனார். போகும்போது அவர் நடையில் ஒரு லேசு தெரிந்தது. தலைச்சுமையை இறக்கி வைத்தவர் நடக்கிற மாதிரி. காய்ச்சல்காரரைச் சிரிக்கவைக்கச் சொன்ன பேச்சு என்றுதான் நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

வெள்ளம் வடிந்தது. கடைகள் திறந்தன. இசக்கிமுத்து அண்ணன் எழுந்து நடமாடினார். அக்கா மட்டும் மறுபடி அந்த மாத்திரையை வாங்கவில்லை. மார்கழியில் புள்ளி விழுந்தது. தையிலும் மாசியிலும் விழுந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு கடிதத்தில் 'திருசசெநதூர' என்று வந்தது.

நான் தாளைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன்.

"மாத்திரை போடுதீங்களாக்கா?"

"அது குடுத்தாச்சுல்லா."

"கடையில எம்புட்டோ கெடக்கே! வாங்கினா என்ன?"

அவர் விரல்களை மடியில் மறைத்துக்கொண்டார்.

"உள்ளவன் கையில குடுத்த பொறவு, மறுபடியும் போய் அதையே வாங்கிட்டு வந்து..." பாதியில் நிறுத்தினார். "வலியும் இல்லாமத்தான் இருந்துது. சரியாப் போச்சுன்னு நெனச்சேன். யாரும் கேக்கவும் இல்ல. அப்படியே விட்டுப்போச்சு."

விட்டுப்போச்சு என்பதை வண்டி போய்விட்டது என்பது போலச் சொன்னார்.

மறுபடி டாக்டரிடம் போனார். இந்த முறை நான் கூடப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். இருந்தும் அதே பஸ்ஸில் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். அவரவர் டிக்கெட்டை அவரவர் வாங்கிக்கொண்டோம். பழைய மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்ன டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வாரத்தில் ஒரே நாள் மட்டும் போடவேண்டிய மருந்து. அடிக்கடி ரத்தம் சோதிக்கவேண்டும்.

"அது யாருக்குள்ளது?" என்று அக்கா கேட்பது திரைக்கு வெளியே கேட்டது.

"புத்துநோய்க்குக் குடுக்கிறது. இதுக்குக் கொஞ்சம் அளவுல..."

"பாவம், அவுக" என்றார் அக்கா. அதை அவர் வாங்கவில்லை.

பழைய மாத்திரை மறுபடி கேட்டது. ஆடி வாக்கில் வலி குறைந்தது. ஆனால் அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, காற்றில் வளைந்த பயிர் மாதிரி அப்படியே நின்றுவிட்டன. டாக்டர் முதல் நாளே சொன்னதுதான்.

சூப்பிரண்டு நல்ல மனிதர். அக்காவைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிடுகிறேன், தட்டச்சை வேறொரு ஆள் பார்க்கட்டும், சம்பளம் அதேதான் என்றார்.

"என் வேலைய இன்னொருத்தர் செஞ்சா, என் சம்பளம் இரவலால்லா ஆயிரும் சார்" என்றார் அக்கா.

விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் அவரே அடித்தார். ஒரே ஒரு பக்கம்தான். காலையில் உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. முடித்ததும் இசக்கிமுத்து அண்ணனிடம் கொடுத்து அனுப்பாமல், அவரே எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருடத்தில் என் மேசைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. தாளில் மேலிருந்து கீழ்வரை ஒரு புள்ளிகூட இல்லை.

"புள்ளி மட்டும் நீ வச்சிரு தம்பி."

நான் கறுப்புப் பேனாவை எடுத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி வைத்தேன். கடைசி வரியில் 'தங்கள் உண்மையுள்ள' என்பதில் வைத்து முடித்தேன்.

"எத்தன வச்ச?"

"எண்ணலக்கா."

"எண்ணியிருக்கணும்லா. திருப்பித் தரணும்னா எப்படித் தர?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

பிரிவு உபசாரம் கலைந்த அன்று மாலை, கடிகாரத்தை எடுத்துக்கொண்டு நானும் இசக்கிமுத்து அண்ணனும் அக்கா வீட்டுக்குப் போனோம். மாலையை அண்ணன் வழியில் ஒரு பிள்ளையாருக்குப் போட்டுவிட்டார். சந்துக்குள் கடைசி வீடு. கதவைத் தட்டினோம்.

"தள்ளு, தெறந்துதான் இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பட்டுச் சேலை கட்டியிருந்தார். தலையில் பூ இருந்தது.

"பொறப்பட்டுட்டு ஏன்க்கா வரல?"

"வந்தா எல்லாரையும் பாத்துக் கும்பிடணும்லா." இரண்டு கைகளையும் எங்களுக்கு முன்னால் கொண்டுவந்தார். உள்ளங்கைகள் சேர்ந்தன. விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. "சேரமாட்டேங்கு."

நான் கதவைப் பார்த்தேன். நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாள்.

"கதவத் தெறந்து போட்டுட்டு இருக்கீங்களேக்கா?"

"அது இப்பம் எனக்கு நகரல. ராத்திரியும் அப்படியேதான் கெடக்கும். யாரு வரப்போறா?"

இசக்கிமுத்து அண்ணன் தாளைப் பிரித்துக் கடிகாரத்தை வெளியே எடுத்தார். அக்கா அதையே பார்த்தார்.

"இத வாங்கிக்கிட்டு நான் என்னத்தத் திருப்பித் தர, இசக்கி?"

"நீங்கதான் முன்னாலயே தந்தாச்சே."

"அது உன்னுதுல்லா."

"அப்பம் இதும் உங்களுதுதான்" என்றார் இசக்கிமுத்து அண்ணன். "நாங்க வாங்கி வச்சிருந்தோம். அவ்வளவுதான்."

அக்கா வளைந்த விரலால் கடிகாரத்தின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"சாவி குடுக்கிறதா?"

"பாட்டரிக்கா. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்."

"சத்தம் வருமா?"

"டிக் டிக்குன்னு வரும். சின்னச் சத்தந்தான்."

"அப்பம் வாசப் பக்கம் வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்துல மாட்டு."

மாட்டினோம். பாட்டரியைப் போட்டதும் சத்தம் வரத் தொடங்கியது. அந்த அறையில் அது பெரிதாகத்தான் கேட்டது. அக்கா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்திரை போட்டாச்சாக்கா?" என்றேன் கிளம்பும்போது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இனிமேத்தான் போடணும்" என்றார்.

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காக, பழக்கத்தில், இரண்டு பேரும் சற்று நின்றோம்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி விலை கேட்டேன். கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்துப் போட்டார். ஐப்பசிக் கடைசியிலிருந்து பங்குனிக் கடைசி வரை, நாளுக்கு ஒன்று வீதம் கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் பழைய சீட்டின் பின்புறத்தில் பெருக்கினார். கடிகாரத்துக்கு நாங்கள் ஆறு பேர் ஆளுக்கு நாற்பது போட்டு இருநூற்று நாற்பது ரூபாய் கொடுத்திருந்தோம். மாத்திரை, விட்டுப்போன அந்த ஐந்து மாதத்துக்கும் சேர்த்து, நூற்று ஐந்து ரூபாய்.